ஃபியூஸ் போகாமல் வேரிஸ்டர் மட்டும் கருகுவது ஏன்?

பழுதுமேசை கேட்டது:

வணக்கம். கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் வரும் 24 வோல்ட் பவர் சப்ளை போர்டுகளைப் பழுதுபார்ப்பது என் அன்றாட வேலை. ஒரே வடிவமைப்பைச் சேர்ந்த மூன்று போர்டுகள் ஒரே இடத்திலிருந்து சில மாத இடைவெளியில் அடுத்தடுத்து என் மேசைக்கு வந்துள்ளன. மூன்றிலும் உள்ளீட்டில் 6.3 ஆம்பியர் தாமத வகை ஃபியூஸ் இருக்கிறது. அதைத் தாண்டியதும் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே 14டி471கே என்று அச்சிட்ட நீல நிற வேரிஸ்டர் (மின்னழுத்தம் எல்லை மீறும்போது மட்டும் மின்னோட்டத்துக்கு வழிவிட்டுப் பின்னாலுள்ளவற்றைக் காக்கும் வில்லை வடிவப் பாகம்) ஒன்றும், அதன் பிறகு தொடக்க மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் என்டிசி தெர்மிஸ்டரும் மாறுமின்னை நேர்மின்னாக்கும் பிரிட்ஜும் உள்ளன.

முதல் போர்டில் வேரிஸ்டரின் ஒரு பக்கம் முழுவதும் பழுப்பேறி உப்பியிருந்தது. அதன் ஒரு கால் சால்டர் உருகித் துளையிலிருந்து பாதி கழன்று நின்றது. ஆனால் ஃபியூஸ் நன்றாகவே இருந்தது. இரண்டாவது போர்டில் நிலைமை இன்னும் மோசம்: வேரிஸ்டர் கரியாகி, அடியிலிருந்த போர்டும் கருகி, கடைசியில்தான் ஃபியூஸ் போயிருக்கிறது. மூன்றாவது போர்டு வேறொரு பழுதுக்காக, அதாவது வெளியீட்டுப் பக்கத்துக் கெபாசிட்டர் வீங்கியதற்காக வந்தது. அதிலுள்ள வேரிஸ்டர் பார்வைக்குப் புதிதுபோல் உள்ளது. மல்டிமீட்டரில் எந்தத் திசையில் வைத்தாலும் திறந்த சுற்றாகவே காட்டுகிறது.

இடி மின்னலால் வந்த சர்ஜ்களை, அதாவது திடீர் மின்னழுத்தப் பாய்ச்சல்களை, வாங்கி வாங்கித்தான் இவை மெல்லத் தேய்ந்தனவா? அப்படியானால் மூன்றாவது போர்டில் உள்ளதை நம்பி அப்படியே திருப்பி அனுப்பலாமா? அதிக வோல்ட் வகைக்கு மாற்றுவது அல்லது இரண்டை இணையாகப் போடுவது தீர்வாகுமா? ஃபியூஸ் போகவில்லை என்றால் மின்னோட்டம் அதிகம் ஓடவில்லை, ஆகவே வேரிஸ்டரே தரமற்றது என்று உடன் பணிபுரிபவர் சொல்கிறார். அந்த வாதம் எனக்கு முழுமையாக ஒப்பவில்லை, ஆனால் மறுக்கவும் தெரியவில்லை.

மின்கரை எழுதியது:

உங்கள் நண்பரின் வாதத்தில் முதல் பாதி சரி, முடிவு தவறு. மின்னோட்டம் அதிகம் ஓடவில்லை என்பதுதான் இந்தக் கருகலின் சாரமே.

முதலில் அந்த வில்லைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். துத்தநாக ஆக்சைடுத் தூளுடன் பிஸ்மத், கோபால்ட், மாங்கனீசு, ஆன்டிமனி போன்றவற்றின் ஆக்சைடுகளைச் சிறிதளவு சேர்த்து அழுத்தி, உயர் வெப்பத்தில் சுட்டு எடுத்த பீங்கான் அது. துத்தநாக ஆக்சைடுத் துகள்கள் தம்மளவில் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். ஒரு துகளும் அடுத்த துகளும் தொடும் எல்லையில்தான் தடை இருக்கிறது. அந்த எல்லை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 வோல்ட் வரை தாங்கி நின்று, அதற்கு மேல் போனால் திடீரென்று வழிவிடும். உங்கள் 470 வோல்ட் வில்லையின் தடிப்புக்குள் அப்படி ஏறத்தாழ 150 எல்லைகள் வரிசையாக நிற்கின்றன என்று கொள்ளலாம். ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தில் மிச்சியோ மட்சுவோகா இதைக் கண்டறிந்து 1971-இல் விரிவாக வெளியிடும் வரை புழக்கத்தில் இருந்தது சிலிக்கன் கார்பைடு. அதன் மின்னழுத்த-மின்னோட்ட வளைவு இவ்வளவு செங்குத்தானது அல்ல என்பதால், மின்கம்பித் தடங்களின் சர்ஜ் காப்புகளில் அதோடு தொடராக ஒரு காற்று இடைவெளியும் வைக்க வேண்டியிருந்தது.

14டி471கே என்பதில் 14 என்பது வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். 471 என்பது 47-க்குப் பின் ஒரு சுழியம், அதாவது 470 வோல்ட். கே என்பது 10 சதவீத ஏற்ற இறக்கம். இந்த 470 என்பது 1 மில்லிஆம்பியர் நேர்மின்னோட்டம் ஓடும்போது அதன் குறுக்கே நிற்கும் மின்னழுத்தம். தொடர்ந்து தாங்கக்கூடிய மாறுமின்னழுத்தம் 300 வோல்ட்தான். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 470 வோல்ட்டில் 1 மில்லிஆம்பியர் என்றால் 0.47 வாட். 14 மில்லிமீட்டர் வில்லை தொடர்ந்து தாங்கும் சராசரித் திறன் 0.6 வாட். ஆயிரக்கணக்கான ஆம்பியர் சர்ஜை விழுங்கக்கூடிய பொருள், நின்று எரியும் ஒரு வாட்டைத் தாங்காது. வேரிஸ்டரைப் பற்றி ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

சர்ஜ் என்பது மிகச் சிறிய கால அளவு கொண்டது. சோதனைகளில் பயன்படும் 8/20 அலை வடிவம் 8 மைக்ரோவினாடியில் உச்சிக்குப் போய் 20 மைக்ரோவினாடியில் பாதியாக இறங்கிவிடும். 3000 ஆம்பியர் உச்சமுள்ள அப்படியொரு சர்ஜ் வில்லைக்குள் இறக்கும் ஆற்றல் சுமார் 60 ஜூல்தான். ஆனால் சப்ளை மின்னழுத்தமே சில நொடிகளோ சில நிமிடங்களோ உயர்ந்து நின்றால் கதை வேறு. மூன்று ஃபேஸ் நான்கு கம்பி இணைப்பில் நியூட்ரல் அறுந்தாலோ தளர்ந்தாலோ, சுமை குறைந்த ஃபேஸில் 230 வோல்ட்டுக்குப் பதிலாக 350 வோல்ட் நிற்பது அரிதல்ல. அதன் உச்ச மதிப்பு 495 வோல்ட். உங்கள் வில்லை ஏற்ற இறக்க வரம்பின் கீழ் எல்லையில், அதாவது 423 வோல்ட்டில், பிறந்ததாக வைத்துக்கொள்வோம். வளைவின் செங்குத்தான பகுதியில் மின்னோட்டம் மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 30-ஆம் அடுக்காக உயரும். 423-இல் 1 மில்லிஆம்பியர் என்றால் 495-இல் அது 100 மில்லிஆம்பியரை ஒட்டி வந்துவிடும். ஒவ்வொரு அரைச்சுற்றின் உச்சியில் மட்டும் கொஞ்ச நேரம் ஓடினாலும் சராசரியாகப் பல வாட் ஆகிறது. 0.6 வாட்டுக்குரிய வில்லை சூடாகும். சூடானால் கசிவு மின்னோட்டம் கூடும். கசிவு கூடினால் மேலும் சூடாகும். இப்படி அது தன் கட்டுப்பாட்டை இழந்து ஓடத் தொடங்கும்போதும் மின்னோட்டம் உங்கள் 6.3 ஆம்பியர் ஃபியூஸின் அருகில்கூட வந்திருக்காது. ஒரு பக்கம் முழுவதும் பழுப்பேறி உப்பியது, கால் சால்டர் உருகியது ஆகிய இரண்டும் இந்த மெதுவான வேகலின் தடயங்கள். முதல் போர்டில் கால் கழன்றதால் சுற்று தானாகத் துண்டிக்கப்பட்டுத் தப்பியது. இரண்டாவதில் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

உண்மையான சர்ஜால் போனது வேறு மாதிரி இருக்கும். மிகப் பெரிய, மிகக் குறுகிய அடி விழுந்தால் வில்லை வெப்ப அதிர்ச்சியில் பிளந்து, துண்டுகள் பெட்டிக்குள் சிதறிக் கிடக்கும். சற்று நீண்ட அடியானால் மின்னோட்டம் முழு வில்லையிலும் பரவாமல் ஒரே இழையில் குவிந்து, பெரும்பாலும் மின்முனையின் விளிம்பை ஒட்டி, ஊசியால் குத்தியது போன்ற ஓட்டையை உருக்கிவிடும். மேலுறையைச் சுரண்டிப் பாருங்கள். அந்தப் புள்ளி தெரிந்தால் பேச்சே வேண்டாம்.

சர்ஜ்களால் தேய்வதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு அடியும் துகள் எல்லைகளில் உள்ள தடையைச் சிறிது தாழ்த்திவிடும். தகவல் தாளில் ஒரு அடிக்கு ஒரு மதிப்பும் இரண்டு அடிகளுக்கு அதைவிடக் குறைந்த மதிப்பும் கொடுத்து, நூறு, ஆயிரம் அடிகளுக்கு மதிப்பு எப்படிச் சரிகிறது என்று வரைபடமும் போட்டிருப்பது அதனால்தான். 1 மில்லிஆம்பியர் மின்னழுத்தம் தொடக்க மதிப்பிலிருந்து 10 சதவீதம் நகர்ந்தால் வில்லையின் ஆயுள் முடிந்ததாகக் கொள்வது வழக்கம். 10 சதவீதம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் மேலே சொன்ன 30-ஆம் அடுக்கில் போட்டால், அதே மின்னழுத்தத்தில் மின்னோட்டம் 20 மடங்குக்கு மேல் ஏறியிருக்கும். தேய்வு கொல்வதில்லை, கொல்ல வரும் அடுத்த மிகைமின்னழுத்தத்துக்குக் கதவைத் திறந்து வைக்கிறது.

இணையாக இரண்டு போடும் யோசனையை விட்டுவிடுங்கள். 5 சதவீத வேறுபாடுள்ள இரண்டு வில்லைகளில், செங்குத்தான பகுதியில், ஒன்று மற்றதைவிட 4 மடங்கு மின்னோட்டத்தைச் சுமக்கும். அளந்து பொருத்திய இணை என்றால் மட்டுமே அது பயன்படும்.

அந்த இடத்தில் மூன்று ஃபேஸ் இணைப்பா என்று சொல்லுங்கள். போர்டில் என்டிசி தெர்மிஸ்டருக்கும் வேரிஸ்டருக்கும் எவ்வளவு இடைவெளி என்றும் பாருங்கள்.

பழுதுமேசை எழுதியது:

விரிவான விளக்கத்துக்கு மிக்க நன்றி ஐயா. கேட்டுப் பார்த்தேன். மூன்று ஃபேஸ் பலகையிலிருந்து ஒரு ஃபேஸை மட்டும் எடுத்து இந்தப் பெட்டிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய மோட்டார்கள் தொடங்கும்போது விளக்குகள் மங்குவதற்குப் பதிலாகச் சில சமயம் பளிச்சென்று எரிவதாக அங்குள்ளவர் சாதாரணமாகச் சொன்னார். அதை அவர் ஒரு குறையாகவே கருதவில்லை.

என்டிசி பற்றிக் கேட்டதும் போர்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வில்லைகளும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. நடுவில் ஒரு காகிதம்தான் நுழையும். மூன்றாவது போர்டில் வேரிஸ்டரின் என்டிசியைப் பார்த்த பக்கத்து உறை சற்றே நிறம் மங்கியிருப்பதை இப்போதுதான் கவனித்தேன். கீழே சுரண்டியதில் இரண்டு கருகிய வில்லைகளிலும் ஊசித்துளை எதுவும் தென்படவில்லை. மேசையில் இருக்கும் கருவிகளைக் கொண்டு மூன்றாவதைச் சோதிக்க வழி உண்டா?

அளவுகாரன் எழுதியது:

சுமையோடு ஓடும் என்டிசி 100 பாகைக்கு மேல் சூடாவது இயல்பு. வேரிஸ்டரோ 85 பாகை செல்சியஸுக்கு மேல் போனால் அதன் எல்லா வரம்புகளும் குறைக்கப்பட வேண்டியவை. பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும் இவ்விரண்டையும் அருகருகே நிறுத்தியது வடிவமைத்தவரின் பிழை. மிகைமின்னழுத்தம் தாக்குவதற்கு முன்பே வில்லை பாதி வழி சூடேறி நின்றிருக்கிறது.

சோதனைக்கு வருவோம். மல்டிமீட்டரின் ஓம் அளவீடு ஓரிரு வோல்ட்டைக் கொண்டே அளக்கிறது. 470 வோல்ட்டில் விழிக்க வேண்டிய பொருளிடம் 2 வோல்ட்டில் கேள்வி கேட்டால் அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும். முழுக் குறுக்குச் சுற்றாகிவிட்ட வில்லையைத் தவிர வேறெதையும் அந்த அளவீடு காட்டிக்கொடுக்காது.

உங்களிடம் இன்சுலேஷன் டெஸ்டர், அதாவது நாம் மெகர் என்று சொல்லும் கருவி, இருந்தால் போதும். பெரும்பாலான மின்னணு மெகர்களில் குறுக்குச் சுற்று மின்னோட்டம் 1 முதல் 2 மில்லிஆம்பியருக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். நமக்கு வேண்டியதும் ஏறத்தாழ அதுவே. வேரிஸ்டரின் ஒரு காலைப் போர்டிலிருந்து கழற்றிவிடுங்கள். இல்லையேல் பிரிட்ஜும் வடிகட்டிக் கெபாசிட்டரும் அளவைக் குழப்பும், சேதமடையவும் கூடும். மெகரை 1000 வோல்ட் நிலையில் வையுங்கள். 500 வோல்ட் நிலை போதாது, ஏனெனில் நல்ல வில்லை 517 வோல்ட் வரை இருக்கலாம். மெகர் ஓம் மட்டும் காட்டும் வகையானால், வில்லைக்குக் குறுக்கே 1000 வோல்ட் நேர்மின் நிலையில் மல்டிமீட்டரை இணையாக வைத்தால் மின்னழுத்தம் தெரியும். அதன் 10 மெகாஓம் உள்தடை எடுக்கும் மின்னோட்டம் கணக்கில் கொள்ளத் தக்கதல்ல. பொத்தானை அழுத்தி ஓரிரு நொடிகளில் படித்துவிடுங்கள். மின்கரை சொன்ன அந்த 0.47 வாட் வில்லையைச் சூடாக்கி அளவை நகர்த்தத் தொடங்கும். பிறகு முனைகளை மாற்றி எதிர்த் திசையிலும் அளக்க வேண்டும். ஒரே திசையில் பலமுறை அடிவாங்கிய வில்லையில் இரண்டு திசைகளின் மதிப்புகளும் பிரிந்து நிற்கும். புதியதில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. 10 சதவீத நகர்வு என்பது அந்தக் குறிப்பிட்ட வில்லையின் தொடக்க மதிப்பிலிருந்து கணக்கிடப்படுவது. அந்தத் தொடக்க மதிப்பு நம்மிடம் இல்லை. 510 வோல்ட்டில் தொடங்கி 440-க்கு இறங்கிய வில்லை 423 முதல் 517 வரையிலான வரம்புக்குள்ளேயே இருக்கும், ஆனால் அதன் ஆயுள் முடிந்திருக்கும். எனவே வரம்புக்கு வெளியே போனதைத் தயங்காமல் ஒதுக்கலாம். உள்ளே இருப்பதை நல்லது என்று சான்று கொடுக்க முடியாது. இதைவிட நுட்பமான சோதனை, தகவல் தாளில் தொடர் நேர்மின்னழுத்த வரம்பாகக் கொடுத்திருக்கும் 385 வோல்ட்டைக் கொடுத்துக் கசிவை அளப்பது. அறை வெப்பநிலையில் அது சில பத்து மைக்ரோஆம்பியரைத் தாண்டினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். புதிதாகப் போடும் ஒவ்வொரு வில்லையையும் அளந்து, மதிப்பைப் போர்டின் ஓரத்தில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அடுத்த முறை அதே போர்டு வரும்போது அந்த மூன்று இலக்கங்கள் செய்யும் உதவியை வேறெதுவும் செய்வதில்லை.

சால்டர்புகை எழுதியது:

மின்கரை வோல்ட்டை உயர்த்துவது பற்றிப் பேசாமல் கடந்துவிட்டார். சப்ளையைத்தான் சரிசெய்ய வேண்டும் என்பது அவர் எண்ணமாக இருக்கலாம். கொள்கையளவில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழுதுபார்ப்பவர் கையில் போர்டு மட்டும்தான் இருக்கிறது, அந்த இடத்து நியூட்ரல் இல்லை. அவர் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன்: 350 வோல்ட் நின்றால் உச்சி 495. 14டி561கே போட்டால் அதன் கீழ் எல்லையே 504 வோல்ட். உச்சி அதைத் தொடவில்லை, வில்லை பிழைத்துக்கொள்ளும். இதற்குக் கொடுக்கும் விலை, 50 ஆம்பியரில் அது பிடித்து நிறுத்தும் மின்னழுத்தம் 775-இலிருந்து 925 வோல்ட்டுக்கு உயர்வது. பின்னால் இருப்பது 1000 வோல்ட் டயோடுகள் கொண்ட பிரிட்ஜும் பெரிய கெபாசிட்டரும் என்றால் அந்த 150 வோல்ட்டை நான் மனமறிந்து விட்டுக்கொடுப்பேன். 600 வோல்ட் டிரையாக் (மாறுமின்னை இயக்கி நிறுத்தும் குறைகடத்திச் சாவி) நேராக லைனில் நிற்கும் போர்டு என்றால் விட்டுக்கொடுக்க மாட்டேன். எல்லாப் போர்டுக்கும் ஒரே விடை கிடையாது.

அதைவிட முக்கியமானது, வேரிஸ்டர் சாகும்போது எப்படிச் சாகிறது என்பது. ஃபியூஸால் இரண்டு வேலையையும் செய்ய முடியாது. 8/20 சர்ஜ் 3000 ஆம்பியர் உச்சத்தோடு போனால் அதன் மின்னோட்ட வர்க்கத்தை நேரத்தோடு பெருக்கிய மதிப்பு 126 ஆம்பியர் வர்க்க வினாடி வரும். அதைத் தாங்காத ஃபியூஸ் ஒவ்வொரு இடிக்கும் போகும். தாங்கும் ஃபியூஸோ 100 மில்லிஆம்பியரில் வேகும் வில்லையைக் கண்டுகொள்ளவே செய்யாது. இந்த இடைவெளியில்தான் தீவிபத்துகள் நடக்கின்றன. சர்ஜ் காப்புச் சாதனங்களுக்கான அமெரிக்காவின் யூஎல் 1449 தரநிலையில், மின்னோட்டத்தைச் சில ஆம்பியர்களுக்குள் கட்டுப்படுத்தி, மிகைமின்னழுத்தத்தை ஏழு மணி நேரம் வரை விட்டுவைக்கும் சோதனை வந்தது இதனால்தான். தடிமனான ஃபியூஸை நம்பி விற்கப்பட்ட பல காப்புச் சாதனங்களால் அதைத் தாண்ட முடியவில்லை.

விடை வெப்பத் துண்டிப்பான். வேரிஸ்டரோடு தொடராக, அதன் உடலைத் தொட்டுக்கொண்டு, வெப்பச் சுருக்கக் குழாயில் இரண்டையும் சேர்த்துக் கட்டிய தெர்மல் ஃபியூஸ். அல்லது இரண்டும் ஒரே உறைக்குள் வரும் வேரிஸ்டர். தெர்மல் ஃபியூஸைத் தனியாகப் போடுவதானால், சால்டர் வைக்கும்போது அதன் காலை மூக்குக் குறடால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் சால்டரின் சூட்டிலேயே அது திறந்துவிடும். போர்டில் போடும் முன்பே இரண்டைக் கெடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அதை எங்கே வைப்பது என்பதும் யோசிக்க வேண்டியது. வேரிஸ்டர் கிளையில் மட்டும் வைத்தால், அது திறந்த பிறகும் சாதனம் காப்பில்லாமல் தொடர்ந்து ஓடும், யாருக்கும் தெரியாது. லைனிலேயே, வேரிஸ்டருக்கு முன்னால் வைத்தால் சாதனம் நின்றுவிடும், ஆனால் நின்ற காரணம் தெரிந்துவிடும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு எது உகந்தது என்பதைப் பெட்டியின் உரிமையாளர்தான் சொல்ல வேண்டும்.

மின்கரை எழுதியது:

561-ஐ ஏற்கிறேன், வெப்பத் துண்டிப்பான் உடன் இருக்கும்பட்சத்தில் மட்டும். வோல்ட்டை உயர்த்திவிட்டோம் என்ற நிம்மதியில் துண்டிப்பானை மறந்துவிடக் கூடாது. நியூட்ரல் முழுதாக அறுந்து 400 வோல்ட்டை ஒட்டி நின்றால் உச்சி 566 வரை போகும். அப்போது 561-உம் வேகும், சற்றுத் தாமதமாக, அவ்வளவுதான்.

பழுதுமேசை எழுதியது:

மூன்றாவது போர்டின் வேரிஸ்டரைக் கழற்றி, அளவுகாரன் சொன்னபடி மெகரில் அளந்தேன். ஒரு திசையில் 431 வோல்ட், முனைகளை மாற்றியபோது 409. அதே அச்சுள்ள புதிய வில்லையில் இரு திசைகளிலும் 468, 467. பளபளப்பாக இருந்ததை நம்பி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே அதை ஒதுக்கிவைத்தேன். ஆக, சர்ஜால் தேய்ந்த அடையாளம் இதில் இருக்கிறது. மற்ற இரண்டும் நின்று வெந்தவை. ஒரே இடத்தில் இரண்டும் நடந்திருக்கிறது என்பதே என் புரிதல்.

தகவலைச் சொன்னதும் அங்குள்ள மின்பணியாளர் பலகையைத் திறந்திருக்கிறார். நியூட்ரல் பட்டையில் ஒரு திருகு விரலால் சுழலும் அளவுக்குத் தளர்ந்து, கம்பியின் உறை இரண்டு அங்குலத்துக்குக் கருத்திருந்ததாகப் படம் அனுப்பினார். மூன்று போர்டுகளிலும் 561 வகையைத் தெர்மல் ஃபியூஸோடு கட்டி, கால்களை நீளமாக விட்டு என்டிசியிலிருந்து விலக்கி நிறுத்தியிருக்கிறேன். பெட்டிக்குரியவர் சாதனம் நின்றாலும் பரவாயில்லை என்றதால் துண்டிப்பானை லைனிலேயே வைத்தேன். அளந்த மதிப்புகளைப் போர்டு ஓரத்தில் எழுதிவிட்டேன்: 558, 571, 549.